சுடுபவர் கைக்கு இதமான ரிவால்வர் எது? நான்கு வகைகளின் ஒப்பீடு

ஐந்து தோட்டாக்கள்தான் சுட்டார். ஐந்தாவது வெடித்ததும் அக்கா ரிவால்வரை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை விரித்துப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கன்றிச் சிவந்திருந்தது. ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம் இடித்து, நடுவிரல் முட்டி வீங்கத் தொடங்கியிருந்தது.

"இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன், தம்பி?"

அக்கா என் பெரியம்மா மகள். வயது 58, தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் தனியாக இருக்கிறார். அந்த ரிவால்வர் அவர் மகனுடையது. மகன் பக்கத்தில் நின்று மேற்பார்வையிட, டர்பன் ரேஞ்ச் ஒன்றில் சுட்டுப் பார்த்தார். அதை விற்ற கடைக்காரர், "சின்னதா, லேசா இருக்கு, உங்க அம்மாவுக்கும் சரிப்படும்" என்று சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ பெண்கள் ஒரே நாளில் துப்பாக்கிப் பயிற்சியை விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ரிவால்வர் விஷயத்தில் லேசானது என்றால் சுடும்போது கையை அதிகம் உதைப்பது என்று பொருள்.

வலிக்கும் துப்பாக்கியை யாரும் எடுத்துப் பழக மாட்டார்கள். பழகாத கை குறி தவறும். சாட்ஸ்வர்த்தில் 1960களில் கட்டிய நகராட்சி வீடுகளில் பெரும்பாலும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். குறி தவறிய தோட்டா அங்கே யார் தூங்குகிறார்கள் என்று பார்க்காது. கைக்கு இதம் என்பதை நான் சொகுசாக நினைக்காததற்கு இதுதான் காரணம்.

## தவறாக வாங்கினால் என்ன ஆகும்

இந்த ஊரில் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ள இது செருப்பு அல்ல. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தற்காப்புக்கான 13ஆம் பிரிவில் ஒருவருக்கு ஒரே ஒரு லைசென்ஸ்தான். தகுதிச் சான்றிதழ், பயிற்சி, போலீஸ் நிலையத்தில் விண்ணப்பம், கைரேகை, காத்திருப்பு எல்லாம் முடிந்து கைக்கு வந்த ரிவால்வர் ஒத்துவரவில்லை என்றால், அதைச் சட்டப்படி கைமாற்றிவிட்டு அடுத்ததற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த லைசென்ஸும் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். காலாவதியாக 90 நாட்கள் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. 12ஆம் பிரிவின்படி, ஒரே வீட்டில் வசிக்கும் இன்னொருவரும் அதே துப்பாக்கிக்குக் கூடுதல் லைசென்ஸ் வாங்கலாம். அவருக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கணவன், மனைவி இருவரும் ஒரே ரிவால்வரைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், இருவரில் சின்னக் கை யாருடையதோ அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய கை சின்னக் கைப்பிடிக்கு ஓரளவு ஒத்துப்போகும். சின்னக் கை பெரிய கைப்பிடிக்கு ஒத்துப்போகாது.

ஆகவே வாங்கும் முன் சுட்டுப் பாருங்கள். லைசென்ஸ் உள்ளவர் உடனிருந்து நேரடியாக மேற்பார்வையிட்டால் அவர் துப்பாக்கியை நீங்கள் பாதுகாப்பான இடத்தில் சுட்டுப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுகளும் உண்டு. கடையில் கண்ணாடிக்கு அப்பால் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

எடையும் தோட்டாவும். இவை இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே தோட்டாவை ஒரு கிலோ ரிவால்வரிலும் 400 கிராம் ரிவால்வரிலும் போட்டுச் சுட்டால், லேசான ரிவால்வர் பின்னால் வரும் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கையில் வந்து மோதும் ஆற்றலும் அதே இரண்டரை மடங்கு. எடை பாதியானால் உதைப்பு இரட்டிக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ட்ரிகர் எட்டும் தூரம். கடைக்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை. எனக்கு இதுதான் முதல் சோதனை. ரிவால்வர் காலியாக இருக்கிறதா என்று நீங்களே சிலிண்டரை, அதாவது தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையைத் திறந்து பாருங்கள். பாதுகாப்பான பக்கம் நீட்டி, குழலும் முழங்கையும் ஒரே கோட்டில் இருக்கும்படி பிடியுங்கள். அந்த நிலையிலேயே ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு ட்ரிகரில் வந்து உட்கார வேண்டும். நுனிதான் தொடுகிறது, நன்றாகத் தொடக் கையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருக்கிறது என்றால் அந்த ரிவால்வர் உங்களுக்கானது அல்ல. திருப்பிப் பிடித்தால் உதைப்பு உள்ளங்கைக்கு வராமல் நேராகக் கட்டைவிரல் மூட்டில் போய் ஏறும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது நரக வேதனை.

கைப்பிடி. ரப்பர் நல்லது, மரம் மோசம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. கைப்பிடியின் பின்புற இரும்பையும் மூடும் ரப்பர் உதைப்பைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் அதே தடிமன் ட்ரிகரை விரலிலிருந்து தள்ளிவிடும். பின்புறம் திறந்திருக்கும் மெல்லிய மரக் கைப்பிடி எட்டும் தூரத்தைக் குறைக்கும், ஆனால் இரும்பு நேராகத் தோலில் மோதும். பழைய மாடல் மரக் கைப்பிடிகளில் ட்ரிகர் வளையத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கும். அக்காவின் நடுவிரலை இடித்தது போன்ற காயம் வருவது இந்த இடத்தில்தான். அந்த இடைவெளியை அடைக்கச் சின்ன உலோகத் துண்டும் ரப்பர் துண்டும் தனியாகக் கிடைக்கின்றன.

ட்ரிகரின் கனம். ஹேமரை (பின்னால் இருக்கும், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) இழுத்து வைக்காமல் நேராக அழுத்தினால் பெரும்பாலான ரிவால்வர்களில் நாலரை முதல் ஐந்தரை கிலோ அழுத்தம் தேவைப்படும். இழுத்து வைத்துவிட்டால் அது மிகவும் குறைந்துவிடும். ஆனால் பயத்தில் நடுங்கும் கையில், இழுத்து வைத்த ஹேமர் ஆபத்து. நேராக அழுத்தியே பழகுங்கள். காலி ரிவால்வரில் போலித் தோட்டா போட்டுத் தொடர்ந்து பத்து முறை, குழல் ஆடாமல் அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். எட்டாவது முறையில் கை நடுங்கினால் அடுத்ததை எடுங்கள்.

சத்தம். வலி என்று பலர் நினைப்பதில் பாதி சத்தம்தான். குட்டைக் குழலில் சத்தமும் தீப்பிழம்பும் கூடும். காதுக்குள் நுரை அடைப்பான், அதற்குமேல் மூடி, இரண்டும் சேர்த்துப் போட்டுக்கொண்டு சுட்டுப் பாருங்கள். அதே ரிவால்வர் பாதி உதைப்பதாகத் தோன்றும்.

## 1. லேசான குட்டை ரிவால்வர்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ரூகர் எல்சிஆர் ஆகியவை இந்த வகை. .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா, ஐந்து கொள்ளும், குழல் இரண்டு அங்குலத்தை ஒட்டி இருக்கும். எடை 400 கிராம் அளவுதான். எல்சிஆர் 2009இல் வந்தது. அதன் ட்ரிகர் இந்த அளவு ரிவால்வர்களில் மென்மையானது, அதை மறுக்க மாட்டேன்.

இவற்றைச் செய்தது சுட்டுப் பழகுவதற்காக அல்ல, நாள் முழுக்க உடம்பில் வைத்துக்கொள்வதற்காக. வெளியே எடுத்துச் செல்லும்போது துப்பாக்கி முழுக்க மறைந்திருக்க வேண்டும், முழுக்கக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். டர்பன் ஜனவரியில் மெல்லிய சட்டைக்குள் ஒரு கிலோ இரும்பை மறைத்துக்கொண்டு கடை நடத்திப் பாருங்கள், இந்த வகையின் அருமை புரியும். கடைப் பணத்தை வங்கிக்கு எடுத்துப் போகிறவர், ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சுட்டுக் கை தேறியவர், இவர்களுக்கு இதைவிடச் சரியானது இல்லை.

பழகத் தொடங்குபவருக்கு இதைக் கொடுப்பது பாவம். குறிபார்க்கும் முனைகள் நெருக்கமாக இருப்பதால் சிறு பிசகும் பெரிதாகிவிடும். சுட்டபின் மிஞ்சும் காலித் தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளும் தண்டும் குட்டை என்பதால் கூடுகள் பாதியில் சிக்கும். விரலால் பிடுங்க வேண்டியிருக்கும்.

## 2. எஃகுக் குட்டை ரிவால்வர்

அதே உருவம், ஆனால் முழுக்க எஃகு. 1950இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 36 சுமார் 550 கிராம். ரூகர் எஸ்பி101 சுமார் 740 கிராம். பிரேசிலின் டாரஸ் 85 இதே வகை.

அந்த 150, 300 கிராம் வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லாததுபோல் தெரியும். கைக்கு அது பகலும் இரவும். எஸ்பி101இல் மென்மையான .38 தோட்டாவைப் போட்டால் சின்னக் கைக்காரர்கள் ஐம்பது சுடுவதைப் பார்த்திருக்கிறேன். ட்ரிகரும் அருகிலேயே இருக்கும். எடுத்துப் போகவும் வேண்டும், வீட்டிலும் வேண்டும், ஆனால் ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்பவருக்கு இது நடுவழி. மூன்று அங்குலக் குழல் கிடைத்தால் இரண்டங்குலத்தை விட்டுவிட்டு அதை எடுங்கள்.

குறை என்றால் ட்ரிகர். எஸ்பி101இல் அது புதிதாக இருக்கும்போது கனமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். போலித் தோட்டா போட்டு அழுத்தி அழுத்திப் பழக்கினால் ஓரளவு வழுவழுப்பாகும். மாடல் 36இன் பழைய மரக் கைப்பிடி மிகச் சிறியது, சுண்டுவிரல் தொங்கும். அதை மாற்றியே ஆக வேண்டும்.

## 3. நடுத்தர உடல், நான்கு அங்குலக் குழல்

வீட்டுக்காக மட்டும் என்றால் நான் யாருக்கும் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10, அதன் முன்னோடி 1899இல் வந்தது. உலகம் முழுக்கப் போலீஸ்காரர் இடுப்பில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கியது இந்த வகைதான். .38 ஸ்பெஷல், ஆறு தோட்டா, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. இதற்கு மேலே, இன்னும் வலுவான .357 மேக்னம் தோட்டாவைச் சுடும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686, ரூகர் ஜிபி100 போன்றவை. நான்கு அங்குல ஜிபி100 1.1 கிலோவைத் தாண்டும்.

மேக்னம் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைத் தாராளமாகச் சுடலாம். விட்டம் ஒன்றே. மேக்னத்தின் கூடு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிக நீளம், அளவில் அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் .38 ரிவால்வரில் மேக்னம் தோட்டாவைச் சுடக் கூடாது, உள்ளே நுழையாதபடிதான் அந்த நீளமே வைக்கப்பட்டது. கனமான மேக்னம் ரிவால்வரில் மென்மையான .38ஐப் போட்டுச் சுடுவது, எனக்குத் தெரிந்து, முழு அளவுத் தோட்டாவில் கிடைக்கும் அதிகபட்ச இதம்.

அதே ரிவால்வரில் உண்மையான மேக்னம் தோட்டாவைப் போட்டால் கதை வேறு. உதைப்பு மூன்று மடங்குக்கும் மேலே போகும். மூடிய அறைக்குள் அந்தச் சத்தத்தைக் காதில் எதுவும் இல்லாமல் கேட்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

ஒரு கவனம்: சின்னக் கைக்கு ட்ரிகர் எட்டாமல் போவது இந்த வகையில்தான் அதிகம். தடித்த ரப்பர் கைப்பிடியோடு வரும் 686ஐக் கையில் வாங்கியதும் "ஐயோ, பெருசு" என்று சொல்லித் திருப்பித் தந்தவர்கள் உண்டு. கைப்பிடியை மாற்றினால் அதே ரிவால்வர் வேறொன்றாகிவிடும். கைப்பிடி என்பது திருகாணி ஒன்றைக் கழற்றினால் மாறுவது. கைப்பிடி பிடிக்கவில்லை என்று ரிவால்வரையே ஒதுக்காதீர்கள்.

## 4. .22 ரிவால்வர்

தோட்டா மிகச் சின்னது, உதைப்பே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இதம். எட்டு, பத்து தோட்டா கொள்ளும் மாடல்கள் உண்டு. தோட்டா விலையும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

ஆனால் தற்காப்புக்கான அந்த ஒரே இடத்தை .22க்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. இந்தத் தோட்டாவில் முதலில் தீப்பற்ற வைக்கும் கலவை கூட்டின் அடி விளிம்பில் இருக்கிறது. நடுவில் அடிக்கும் தோட்டாவைப் போல அவ்வளவு நம்பகமாக இது தீப்பிடிக்காது. விளிம்பை ஓங்கி அடிக்க வேண்டியிருப்பதால் ட்ரிகரும், நினைப்பதற்கு மாறாக, பல .38 ரிவால்வர்களைவிடக் கனம். மூட்டு முற்றிலும் போனவர், வேறு எதையும் பிடிக்க முடியாதவர், இவர்களுக்கு மட்டும் இது சரியான விடை. சரியாகப் படும் .22, படாமல் போகும் .38ஐவிட மேல்.

பயிற்சிக்கு இது பொன். 15ஆம் பிரிவில், விளையாட்டுச் சுடுதலுக்கென்று இரண்டாவது லைசென்ஸாக .22 ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அது பத்து ஆண்டுகள் செல்லும். பணம் இருந்தால் 3ஆம் வகை ஒன்றும், அதே உருவத்தில் .22 ஒன்றும் வைத்துக்கொள்வதுபோல் கை தேற்றும் வழி வேறில்லை.

## ஒரே பார்வையில்

| | லேசான குட்டை | எஃகுக் குட்டை | நடுத்தரம், 4 அங்குலம் | .22 |
|---|---|---|---|---|
| எடை | சுமார் 400 கிராம் | 550–750 கிராம் | 950–1,150 கிராம் | மாடலைப் பொறுத்தது |
| கொள்ளளவு | 5 | 5 | பெரும்பாலும் 6 | 8–10 |
| .38இல் உதைப்பு | கடுமை | தாங்கலாம் | மென்மை | பொருந்தாது |
| ட்ரிகர் எட்டுவது | எளிது | எளிது | கைப்பிடியைப் பொறுத்தது | ரிவால்வரின் அளவைப் பொறுத்தது |
| மறைத்து எடுத்துச் செல்ல | மிக எளிது | எளிது | சிரமம் | ரிவால்வரின் அளவைப் பொறுத்தது |
| யாருக்கு | கை தேறியவர் | ஒன்றே எல்லாவற்றுக்கும் | வீடு, பழகத் தொடங்குபவர் | பயிற்சி, மூட்டுவலி |

## விலைச்சீட்டில் வராத செலவுகள்

தரச் சான்று பெற்ற சேஃப் (இரும்புப் பெட்டகம்) இல்லாமல் லைசென்ஸ் வராது. அதைச் சுவரிலோ தரையிலோ பதிக்கும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல உறை, காது மூடி, கண்ணாடி, மாற்றுக் கைப்பிடி எல்லாம் தனி.

தோட்டாதான் வாழ்நாள் செலவு. சாதாரண லைசென்ஸில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ரேஞ்சிலேயே வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்ப்பது அந்தக் கணக்கில் வராது. பயிற்சிக்கு 148 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) வாட்கட்டர் என்று கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் தட்டையான, மருந்து குறைந்த தோட்டா. அட்டையில் ஓட்டை குத்தியதுபோல் வட்டமாக விழும், கையும் நோகாது. "பிளஸ் பி" என்று போட்டிருப்பது கூடுதல் அழுத்தம். பழைய மாடல்களில் அதைத் தொடவே வேண்டாம். .38ஐ மட்டுமே நெடுநாள் சுட்ட .357 சிலிண்டரின் அறைகளில் கரி வளையமாகப் படியும். தேய்த்து எடுக்காவிட்டால் ஒருநாள் நீளமான தோட்டா நுழையாது.

டர்பன் கடற்காற்றைச் சொல்லாமல் விட முடியாது. நீலம் பூசிய எஃகு தோல் உறைக்குள் ஒரு மழைக்காலம் கிடந்தால் துரு புள்ளி புள்ளியாக எழும்பிவிடும். ரப்பர் கைப்பிடிக்குக் கீழே வியர்வை தங்கி, கழற்றிப் பார்க்கும்வரை தெரியாமல் அரிக்கும். கரையோரம் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

பழையது வாங்குவதாக இருந்தால் ஹேமரை மெதுவாக முழுக்க இழுத்து வைத்து, சிலிண்டரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் விட்டுவிடுங்கள். சிலிண்டரின் எல்லா அறையிலும் இதைச் செய்ய வேண்டும். நடுத்தர உடல் பழைய .357 என்றால், குழலின் பின்முனை அடிப்பாகத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான குண்டு போட்ட மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்டதில் அந்த இடத்தில் விரிசல் விட்ட ரிவால்வர்கள் உண்டு.

## அக்காவின் சனிக்கிழமை

இரண்டு வாரம் கழித்து அக்காவை மறுபடி அழைத்துப் போனேன். நண்பர் ஒருவர் தன் பழைய மாடல் 10ஐக் கொண்டுவந்து கூடவே நின்றார். மெல்லிய மரக் கைப்பிடி, ட்ரிகர் வளையத்துக்குப் பின்னால் அடைப்புத் துண்டு. எடையைப் பார்த்து அக்கா முகம் சுளித்தார். "கல்லு மாதிரி இருக்கே தம்பி." விரல் ட்ரிகரில் சரியாக உட்கார்ந்தது, கையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

நண்பர் சிலிண்டரில் நான்கு வாட்கட்டரும் இரண்டு போலித் தோட்டாவும் கலந்து போட்டு, எது எங்கே என்று தெரியாதபடி சுழற்றி மூடிக் கொடுத்தார். எந்த ரிவால்வர் உங்களுக்கு ஒத்துவருகிறது என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்லும் சோதனை எனக்குத் தெரியாது. முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது போலி, வெறும் 'டிக்'. குழல் முனை இரண்டு விரற்கடை கீழே குனிந்தது. உதைக்காத தோட்டாவுக்கு, உதைக்கும் என்று பயந்து கை தானாக அமுக்கியதன் அடையாளம் அது. அக்கா அதைத் தானே பார்த்தார், யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மகனுடைய குட்டை ரிவால்வரின் பயம் கையிலிருந்து இறங்க நாற்பது தோட்டா ஆயிற்று. ஐம்பதாவதை நெருங்கும்போது 'டிக்' சத்தம் வந்தது, குழல் அசையவில்லை. ஏழு மீட்டரில் அட்டையின் ஓட்டைகள் ஒரு சப்பாத்தி அகலத்துக்குள் வந்திருந்தன. காது மூடியைக் கழற்றிவிட்டு நடுவிரல் முட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு காலிக் கூடுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டே, விண்ணப்பப் படிவத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்.